சிவப்புக் காரின் இடது விளக்கு

ஊரிகம் ஸ்டேஷன் ரோட்டில் மழை பிடித்துக்கொண்ட சாயங்காலம். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள் வாணி. எதிரே ஒரு சிவப்பு கார், தரையோடு ஒட்டினாற்போல் மெதுவாக வந்தது. அதன் வலது விளக்கு எழுந்து நின்று எரிந்தது. இடது விளக்கு பாதி எழும்பி, படுத்து, மறுபடி பாதி எழும்பி...

கண்ணடிக்கிறானா?

வாணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. குடையின் நுனியால் பானெட்டைத் தட்டினாள்.

"இன்னா, ரோட்ல போற பொண்ணுங்களப் பாத்து லைட்ட ஆட்டிகினு வரீங்களா?"

கண்ணாடி இறங்கியது. உள்ளே இருந்தவன் முகத்தில் மழை தெறித்தது. இமைகளில் தங்கிய நீரைத் துடைக்காமலே அவளைப் பார்த்தான்.

"நான் ஆட்டலங்க. அதுவா ஆடுது. மனோகர் அங்கிள் எலக்ட்ரிகல் கடை எங்க இருக்குன்னு தேடிகினு வரேன்."

"மூடியாச்சு."

"நீங்க யாரு?"

"அவர் பொண்ணு."

"அப்போ பாதிதான் மூடியிருக்கு," என்றான் அவன், ஷட்டரைப் பார்த்து.

சிரிப்பு வந்துவிட்டது. குடையைத் தாழ்த்தி அதை மறைத்துக்கொண்டாள்.

அவன் பெயர் லாய்ட். மைசூர் மைன்ஸ் லைன் வீட்டில் இருப்பவன். தினமும் காலை ரயிலில் பெங்களூரு போய், ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிறவன். கார் அவன் பெரியப்பா டேவிட்டுடையது. பெங்களூரில் ஒரு முதலாளியிடம் கடைசிவரை டிரைவராக இருந்தவருக்கு, போய்வாருங்கள் என்று அனுப்பும்போது முதலாளி கொடுத்த பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேர்தான் உட்காரலாம். பகலில் விளக்குகள் இரண்டும் பானெட்டுக்குள் மடங்கிக் கிடக்கும். சுவிட்சைப் போட்டால் மூடியைத் தூக்கிக்கொண்டு எழும். பெரியப்பாவுக்குக் கண் மங்கிய பிறகு, ஞாயிற்றுக்கிழமை அவரைச் சர்ச்சுக்குக் கூட்டிப்போவதே அந்தக் காருக்கு மிச்சமிருந்த வேலை.

இப்படி ஒரு விளக்கை வாணி அதுவரை தொட்டதில்லை. ஆனால் பயப்படவும் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் தோற்றபோது அப்பா திட்டவில்லை. கடைக்குக் கூட்டிவந்து ஸ்குரூ டிரைவரைக் கையில் கொடுத்தார். பெஞ்சில் தனியாக உட்கார்ந்து வேலை பார்க்க விட்டது போன தீபாவளிக்குப் பிறகுதான். அந்தப் பெஞ்சு அவளுக்கு எவ்வளவு பெரியது என்று வெளியே யாரிடமும் சொன்னதில்லை.

அவன் காரைக் கடை வாசலில் விட்டுப்போனதும், விளக்கின் மோட்டாரைக் கழற்றிப் பார்த்தாள். உள்ளே இருந்த நைலான் வளையம், புஷ், மாவாகிக் கிடந்தது. மோட்டார் சுற்றியது, விளக்கைத் தூக்கும் கம்பிக்கு அந்தச் சுற்று போய்ச் சேரவில்லை. ஆண்டர்சன்பேட்டையில் லேத் வைத்திருப்பவரிடம் அளவு கொடுத்துப் புதுப் புஷ் கடைந்து வாங்கிப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை லாய்ட் வந்து சுவிட்சைப் போட்டான். இரண்டு விளக்கும் ஒன்றாக எழுந்தன.

"பாருங்க," என்றாள் வாணி பெருமையாக.

"பாத்துகினுதான் இருக்கேன்."

விளக்கைப் பார்க்கவில்லை அவன். அவள் சட்டென்று குனிந்து துணியால் கையைத் துடைத்தாள். சுத்தமாக இருந்த கையை எதற்குத் துடைக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை...

அடுத்த ஞாயிறு சர்ச்சு விட்டதும் கார் வந்து நின்றது.

"மறுபடியும் படுத்துகிச்சுங்க."

எர்த் வயரின் போல்ட் தளர்ந்திருந்தது. நான் சரியாக முடுக்கவில்லையா? வாணிக்குக் காது சூடாகியது. அவன் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தான். ரயிலில் சீட்டுக்கு நடக்கும் சண்டை, பெரியப்பா பின்னால் வரும் காரையெல்லாம் திட்டுவது, பாடகர் குழுவில் தன் குரல் ஒட்டாதது... ஏதேதோ சொன்னான். அவளும் சிரித்தாள். அவன் போனபிறகு தெரு வெறிச்சென்று இருந்தது.

மூன்றாவது ஞாயிறும் சிவப்பு கார் வந்தது. இடது விளக்கு எழவில்லை.

எதிர் ஸ்டாண்டில் ஆட்டோ போட்டிருந்த பிரதாப் சத்தமாகக் கேட்டான். "இன்னா வாணி, வாராவாரம் வருது இந்த வண்டி? லைட்டு ரிப்பேரா, உன் கை ரிப்பேரா?"

ஸ்டாண்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அப்பா சிரிக்கவில்லை.

மனோகர் தங்கச் சுரங்கம் மூடும்வரை அதன் லாம்ப் ரூமில் வேலை பார்த்தவர். கீழே இறங்குகிறவர்கள் தொப்பியில் மாட்டும் விளக்கைச் சார்ஜ் போட்டு, சோதித்து, கையில் கொடுக்கும் வேலை. அங்கே அவர் வைத்திருந்த சட்டம் ஒன்று உண்டு. ஒரே விளக்கு ஒரே குறையோடு மூன்றாம் தடவை வந்தால், அதைப் பார்த்த ஆள் பெஞ்சிலிருந்து எழுந்துவிட வேண்டும். தன் தம்பியையே அப்படி எழுப்பி அனுப்பியவர் அவர்.

லாய்ட் சாவியைக் கொடுத்துவிட்டு டீக்கடைப் பக்கம் போனதும் மெதுவாகச் சொன்னார்.

"நாளைலருந்து பெஞ்சுல நான் உக்காந்துக்கறேன்மா."

"நைனா, ஒரு தடவ பாத்துட்டு..."

"மூணாச்சு. கார்மெண்ட்ஸ்ல ஆள் எடுக்கறாங்களாம். பக்கத்து லைன் மமதா போறா இல்ல, காலை ரயில்ல அவகூட நீயும் போய் வா."

சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்துவிட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் வாணி சண்டை போட்டிருப்பாள். அவர் வருத்தமாகச் சொன்னார்.

கண்ணீர் மறைக்க, பானெட்டைத் திறந்தாள். மோட்டாருக்குப் போகும் கனெக்டர் கழன்று தொங்கியது. கையில் எடுத்துப் பார்த்தாள். பூட்டு உடையவில்லை, தேயவில்லை. மாட்டி இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. கட்டை விரலால் பூட்டை அழுத்தினால்தான் கழன்றது.

ஆக, எர்த் போல்ட்டும்...

லாய்ட் இரண்டு டீயோடு வந்தான். அவள் கையில் இருந்த கனெக்டரைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"நீங்கதானே?"

அவன் தலையாட்டினான். "வேற இன்னா சொல்லிகினு இங்க வரதுன்னு தெரியலங்க."

எத்தனை நாளாக எதிர்பார்த்த வார்த்தை... இப்போது கேட்க எரிந்தது. அப்பாவின் சட்டத்தைச் சொன்னாள். பெஞ்சு போனதைச் சொன்னாள்.

"உங்க அப்பா சுரங்கத்துல எந்த ஷாஃப்ட்ல இருந்தாரு?" என்று கேட்டாள்.

"இங்கதான். மைசூர் மைன்ஸ்ல. நைட் ஷிப்ட்."

"அப்போ எங்க நைனா குடுத்த லாம்ப்ப மாட்டிகினுதான் அவரு கீழ போயிருப்பாரு. அங்க லைட்டு நின்னா இன்னா ஆவும்னு உங்க வீட்ல சொல்லியிருப்பாங்களே. நீங்க போய் அதுல வெளயாடினீங்க."

அவன் முகம் வெளுத்தது. "தெரியாதுங்க. சத்தியமா இப்டி ஆவும்னு தெரியாது. அங்கிள்கிட்ட தனியா சொல்லிடறேன்."

"பிரதாப்பு தனியாவா கேட்டாரு? எல்லாரும் இருக்கும்போதுதானே என் கை ரிப்பேருன்னாரு. அதே மாதிரி சொல்லுங்க."

லாய்ட் ஆட்டோ ஸ்டாண்டைப் பார்த்தான். அங்கே சொன்னால் சர்ச்சுக்குத் தெரியும், ரயிலுக்குத் தெரியும், வீட்டுக்குத் தெரியும். அவன் சாவியை எடுத்துக்கொண்டு போனான். டீ இரண்டும் பெஞ்சில் ஆறிப்போயின.

அந்த வாரம் அப்பா பெஞ்சில் உட்கார்ந்தார். வாணி கணக்கு எழுதினாள், கடை பெருக்கினாள். கார்மெண்ட்ஸுக்குப் போட்டோ எடுத்துவைக்கச் சொன்னாள் மமதா. நடந்ததை அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அவனைக் காட்டிக்கொடுத்ததாகும்... இவ்வளவுக்குப் பிறகும் அவனுக்காகப் பார்க்கிறோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சு விட்டு வெகுநேரம் ஆகியும் கார் வரவில்லை. மழை தூறத் தொடங்கியபோது, லாய்ட் நடந்து வந்தான். வெள்ளைச் சட்டை தோளோடு ஒட்டியிருந்தது. பக்கத்தில் அவன் கையைப் பிடித்தபடி பெரியப்பா.

ஆட்டோ ஸ்டாண்ட் நிறைய ஆள். பிரதாப் வாயைத் திறப்பதற்குள் லாய்ட் பேசிவிட்டான்.

"அங்கிள், உங்க பொண்ணு செஞ்ச வேலையில ஒரு குறையும் இல்ல. முதல் தடவையே லைட்டு சரியாயிடுச்சு. அப்புறம் ரெண்டு தடவையும் நான்தான் கழட்டி உட்டேன்."

மனோகர் கையிலிருந்த டெஸ்டரைக் கீழே வைத்தார்.

"எதுக்குப்பா?"

"வாணிகூடப் பேசணும்னு. வாணிய எனக்குப் புடிச்சிருக்கு அங்கிள். நேரா சொல்ல தைரியம் வரல."

ஸ்டாண்டில் யாரோ விசிலடித்தார்கள். "அடங்குடா," என்றான் பிரதாப், தானே சிரிப்பை அடக்க முடியாமல்.

டேவிட் பெரியப்பா மனோகரின் குரல் வந்த பக்கம் திரும்பினார். "மனோகர், என் வண்டிய அவன் கெடுத்ததுக்கு வீட்ல நான் பாத்துக்கறேன். உங்க பொண்ணுகிட்ட அவன் பேசலாமா கூடாதான்னு நீங்க சொல்லுங்க."

"அத நான் எப்டிங்க சொல்றது?" மனோகர் ஸ்டூலோடு பின்னால் நகர்ந்து, பெஞ்சிலிருந்து எழுந்தார். "உக்காரும்மா. நைனா தப்பா நெனச்சிட்டேன்." பிறகு லாய்டைப் பார்த்தார். "உன்ன மன்னிக்க எனக்குக் கொஞ்ச நாள் ஆவும். நீங்க உள்ள வாங்க டேவிட், நனையறீங்க."

வாணி பெஞ்சில் உட்கார்ந்தாள். அவன் படியருகே நனைந்துகொண்டே நின்றான். அந்தக் கண்கள் அவளை நேராகப் பார்க்க முடியாமல் தரைக்கும் அவளுக்கும் நடுவே தடுமாறின...

"ஊரே சிரிக்குது," என்றாள்.

"சிரிக்கட்டும்."

"இனிமே வண்டில கை வெப்பீங்களா?"

"மாட்டேன். ஆனா, இன்னா சொல்லிகினு இங்க வரது?"

அப்பாவுக்குக் கேட்கும் என்று வாணிக்குத் தெரியும். கேட்டால் கேட்கட்டும் என்றிருந்தது.

"வாணியப் பாக்க வந்தேன்னு சொல்லுங்க," என்றாள். "நானும் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வேல பாக்கின்னு நைனாகிட்ட சொல்லிட்டு, உங்களுக்காகத்தான் கடையத் தொறந்து வெச்சிகினு இருந்தேன். ஞாயித்துக்கிழமை எங்க கடை லீவு."