ஒலி அமுங்கும் திசை

தம்பியின் குரல் வரவேண்டிய அலைவரிசையில் ஒரு மாமியார் அழுதுகொண்டிருந்தாள்.

ஏதோ டிவி நாடகம். கடைக்காரருக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறியது. செல்போன் எட்டாத மலையில் மழைக்குள் மாட்டிக்கொண்ட தம்பி, பொழுது சாய்ந்ததும் வாக்கிடாக்கி போன்ற கைரேடியோவில் கூப்பிடுவதாக ஏற்பாடு. நேற்றே கூப்பிடவில்லை. இன்றும் குரல் வராவிட்டால், தேட ஆள் அனுப்பியாக வேண்டும்.

இடைஞ்சல் வேண்டாமென்று மனைவியின் டிவியை அவர் முன்பே அணைக்க வைத்திருந்தார்.

"என் நாடகத்தை நிறுத்திட்டு நீங்க மட்டும் கேக்குறீங்களாக்கும்" என்றாள் அவள்.

மாடி வீட்டுக்காரர்களிடம் பேரம் பேசாத குறையாகக் கெஞ்சி அவர்கள் டிவியையும் அணைக்கச் சொன்னார். அழுகை ஓயவில்லை. தன் ரேடியோவை மொட்டைமாடி ஏரியலோடு இணைத்த கம்பியைப் பிடுங்கினார். அழுகை இன்னும் தெளிவானது.

அப்போது மின்சாரம் போனது. ஊரே இருண்டது. மெழுகுவத்தி கேட்டு மனைவி மாடிக்குப் போக, குளிர்பெட்டியின் முனகலும் விசிறியின் கடகடப்பும் அடங்கிய கூடத்தில், ஈரச் சுவரின் வாடைக்கு நடுவே, எந்த டிவியும் ஓடாத அந்த ஊரில், மாமியார் மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

ரேடியோக்காரர்களுக்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. ரேடியோவை மார்போடு அணைத்துக்கொண்டு மெல்லச் சுற்றினால், உடம்பே சுவராகும். எந்தப் பக்கம் பார்க்கையில் ஒலி அமுங்குகிறதோ, அது கிளம்பும் இடம் அப்போது நம் முதுகுக்குப் பின்னால்.

ஜன்னலைப் பார்த்தார். அமுங்கியது. அப்படியென்றால் சமையலறைப் பக்கம். அந்தப் பக்கம் திரும்பினார். அமுங்கியது. வாசல். அமுங்கியது. எந்தத் தட்டில் கல்லை வைத்தாலும் தராசு ஒரே பக்கம் சாய்ந்தால், பின்னால் யார் கை வைக்கிறார்கள் என்றுதான் எந்த வியாபாரியும் தேடுவான்.

ரேடியோவைத் தோளுக்கு மேலே, பின்னால் நீட்டினார்.

காதைக் கிழித்தது.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். விரல்கள் நனைந்திருந்தன. சேற்று வாடை.

பேசும் பொத்தானை அழுத்தினார். "தம்பி, எங்கடா இருக்க?"

விரலை எடுத்தார். அழுகை நின்றிருந்தது. இரைச்சல்கூட இல்லை. தரையில் சொட்டுச் சொட்டாக ஏதோ விழுந்தது.

தெருவில் ஒரு கார் திரும்பியது. அணைந்து கிடந்த டிவியின் கண்ணாடியில் வெளிச்சம் ஓடியது. அதில் அவர். அவர் தோளை ஒட்டி, மழைக்கோட்டோடு தம்பி. கண் நிறைய மண்.

தம்பி வாயைத் திறந்தான்.

அவர் மார்பிலிருந்த ரேடியோவில் நாடகத்தின் இடைவேளைச் சோப்பு விளம்பரம் பாடத் தொடங்கியது. அவன் உதடுகள் ஒரு சொல் பிசகாமல் அசைந்தன.