தேய்த்த கை எது?

முதலாளி ராஜமாணிக்கம் ஆபீஸ் அறையில் குப்புறக் கிடந்தார்.

பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் சுத்தியல்...

1996. பெங்களூர் பக்கம் பொம்மசந்திராவில் ஒரு ஃபைபர்கிளாஸ் பட்டறை. ஞாயிற்றுக்கிழமை, மற்றவர்களுக்கு லீவு.

வேலையாள் பழனிச்சாமிக்கு இன்ஸ்பெக்டர் கோவிந்தப்பா விலங்கு மாட்டிக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக் கேரியருடன் வந்த அவன் மனைவி மரகதம் பதறிப்போய் மறித்தாள். அவளும் அங்கே ஃபைபர்கிளாஸை உப்புத்தாளால் தேய்த்து வழுவழுப்பாக்குபவள்தான்.

"சார், இவரு காலையிலேருந்து ஷெட்ல தேய்ச்சிக்கிட்டு இருந்தாரு சார்."

"ஷெட்ல தேய்ச்சது நான்," என்றான் மேனேஜர் தினேஷ். "அவசர ஆர்டர். பழனிதான் முதலாளி ரூமுக்குள்ள போனான். பாத்தேன்."

கோவிந்தப்பா இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

தினேஷின் முன்கைகள் முழுக்க வெள்ளைத் தூசி. சொறிந்து சொறிந்து சிவந்திருந்தன.

பழனியின் முன்கைகளோ... சுத்தம்!

"யார் தேய்ச்சதுன்னு கண்ணுக்கே தெரியுதேம்மா. சும்னிரு, பேசாம இரு."

மரகதம் விலங்கைப் பார்த்தாள். தூக்கா... ஆயுளா... வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். அழக்கூட நேரமில்லை.

"கால்ல விழறேன் சார். ரெண்டே நிமிஷம் ஷெட்டுக்கு வாங்க."

அங்கே, ஃபோமைச் செதுக்கி ஃபைபர்கிளாஸ் போர்த்திய வேன் முகப்பு நின்றது.

"கண்ண மூடிக்கிட்டுத் தடவிப் பாருங்க சார். மேடு பள்ளம் தட்டுதா?"

தடவினார்.

"இல்லையே. வழுவழுன்னு இருக்கு."

"புதுசா தேய்க்கிறவன் விரலால அமுக்கியே குழி பறிச்சிடுவான் சார். இது பழகின கை."

"எனக்குப் பத்து வருஷ அனுபவம் சார்," தினேஷ் முந்திக்கொண்டான்.

மரகதம் அவனையே பார்த்தாள்.

"பத்து வருஷம் தேய்ச்சவன் வெறுங்கையோட உக்காருவானா? கண்ணாடித் தூள் தோல்ல ஏறினா ரெண்டு நாள் தூக்கம் கிடையாது. அடி வெட்டின சாக்ஸை முழங்கை வரைக்கும் மாட்டி, டேப் சுத்திட்டுத்தான் தேய்ப்போம். எங்க வீட்டுக்காரர் கை அதனாலதான் சுத்தமா இருக்கு."

மேஜையடியில் கை விட்டாள். தூசி அப்பிய சாக்ஸ் ஜோடி வெளியே வந்தது.

"இவரு தேய்க்கல சார். தூசியை அள்ளிப் பூசிக்கிட்டாரு."

தினேஷ் சொறிவதை நிறுத்தினான்.

வாசலைப் பார்த்தான்...

ஓடினான்!

கான்ஸ்டபிள் கேட்டிலேயே அமுக்கினார். கன்னத்தில் விழுந்த இரண்டு அறையில் எல்லாம் வந்தது.

"பட்டறை மோல்டுகளைத் திருடி ஓசூர்ல வித்தேன் சார். முதலாளி கண்டுபிடிச்சிட்டாரு..."

விலங்கு பழனியின் கையிலிருந்து தினேஷின் கைக்கு மாறியது. மரகதம் தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள்.

தினேஷ் முனகினான்.

"சார், விலங்கு ஓரம் கையைக் கிழிக்குது."

"கவர்மென்ட் சரக்குப்பா," என்றார் கோவிந்தப்பா. "ஃபினிஷிங் இவ்வளவுதான் வரும்."