எட்டும் இறுக்கமாகத்தான் இருக்கிறது

தரையில் ஒரு ஸ்க்ரூ கிடந்தது. குனிந்து எடுத்தான், சூடாக இருந்தது. மரம் கடையும் லேத்தில் மாட்டியிருந்த கட்டைக்குப் பின்னால் கையை விட்டு, அதைத் தாங்கும் இரும்புத் தகட்டைத் தடவி எண்ணினான். எட்டு. காலையில் அவன் முடுக்கியதும் எட்டுதான். அப்படியென்றால் இது டப்பாவிலிருந்து சிதறியதாக இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

இதுவரை அவன் கடைந்ததெல்லாம் பம்பரமும் கதவுக் குமிழும்தான். ஒன்றரை அடி அகலக் கட்டையை ஏற்றுவது இதுவே முதல் தடவை. மரவேலை செய்யும் மச்சான் காலையில்தான் போனில் படித்துப் படித்துச் சொன்னார்: "மாப்ள, பெரிய கட்டைக்கு நீள ஸ்க்ரூ போடு. முன்னாடி முட்டுக்குடுத்தே ஓட்டு. பிச்சுக்கிட்டு வந்தா மண்ட பொளந்துரும்."

வீட்டில் இருந்தது குட்டை ஸ்க்ரூ. கொட்டுகிற மழையில் கடைக்கு யார் போவது? முட்டு உளிக்கு இடைஞ்சலாக இருந்தது. அதையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டான். பெரிய கைகாரன் என்ற நினைப்பு! ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருந்தான். அவனுடைய ஐந்து வயது மகள் குட்டி, கட்டைக்கு நேர் எதிரே இருந்த வாசலில் நிற்கவே கூடாது. மூலையில் கவிழ்த்துவைத்த வாளிதான் அவள் இடம். மனைவி வேலையிலிருந்து வர ஆறு மணியாகும்.

சுவிட்சைப் போட்டான். கட்டை உறுமிச் சுழன்றது. ஈர மரத்தின் புளித்த வாடை ஷெட் முழுக்கப் பரவி, மழை வாடையோடும் மெஷின் எண்ணெயோடும் கலந்து தொண்டையில் ஒட்டியது. உறுமலுக்கு அடியில் இன்னொரு சத்தம், யாரோ மூச்சைப் பிடித்து எதையோ தூக்குவது போல. நிறுத்தினான்.

"அப்பா, இங்க ரெண்டு கெடக்கு."

மறுபடி தடவினான். எட்டு.

"எட்டும் டைட்டாத்தான் இருக்கு, குட்டி."

"இதோ இன்னும் ஒண்ணு. இன்னும்... நெறைய இருக்குப்பா."

அவள் பொறுக்கித் தந்ததோடு சேர்த்து உள்ளங்கையில் எட்டு ஸ்க்ரூ. மரைகளில் ஈர மரத்தூள். ஒன்றின் தலை சிதைந்திருந்தது; காலையில் அவன் கை வழுக்கிச் சிதைத்த அதே ஸ்க்ரூ.

ப்ளக்கைப் பிடுங்கித் தரையில் போட்டான். டார்ச்சை எடுத்து, இத்தனை நேரம் தடவி மட்டுமே பார்த்த இடத்தில் அடித்தான்.

தகட்டின் எட்டு ஓட்டையிலும் எட்டு நகம்.

மரத்துக்குள்ளிருந்து நீட்டிய விரல்கள். அழுத்தத்தில் வெளுத்த நுனிகள். அவைதான் கட்டையைத் தாங்கிக்கொண்டிருந்தன.

"ஐயோ!" என்று அலறினான். அந்த அலறலில் மிரண்ட குட்டி எழுந்து ஓடினாள். நேராக வாசலுக்கு. அங்கே கால் மரத்து நின்றுவிட்டாள்.

ஒரு நகம் உள்ளே போனது.

"குட்டி, ஓரமா போ!"

அவள் அசையவில்லை. இன்னொன்று. மூன்றாவது. கட்டை அவள் பக்கம் சாய்ந்தது. ப்ளக் தரையில் கிடந்தும் கட்டை லேசாக அதிர்ந்தது.

ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்க நேரமில்லை. பாய்ந்து கட்டையை முன்னாலிருந்து கட்டிப்பிடித்தான். கன்னம் ஈர மரத்தில் ஒட்டியது. உள்ளே மூச்சு. இரண்டு கையையும் கட்டைக்குப் பின்னால் வளைத்துத் தகட்டைத் தேடினான். ஓட்டைகள் எல்லாம் காலி.

வேறு வழியில்லை. விரல்களை நுழைத்தான்.

கச்சிதமாகப் பொருந்தின.

உள்ளே யாரோ ஒவ்வொரு விரலாகப் பிடித்தார்கள். கால் சுற்று. அரைச் சுற்று. முடுக்கினார்கள்.

"அப்பா," வாசலிலிருந்து குட்டி அழுதுகொண்டே கேட்டாள், "இப்ப எத்தன இருக்கு?"

கட்டை மெல்லச் சுழலத் தொடங்கியது.