காயாத பின்சுவர்

மேட்டுப்பட்டி வீட்டுக்கு நாங்கள் குடிபோனது ஏப்ரல் மாதத்து ஒரு சனிக்கிழமை. என் கணவர் இனிகோவின் சித்தப்பா விட்டுப்போன வீடு அது. அறுபது வருஷத்துக் கட்டடம். அவருக்குப் பிள்ளைகள் இல்லாததால் எங்களுக்கு வந்தது. மராமத்து வேலை முடியும்வரை வாடகை வீட்டிலேயே இருப்போம் என்று இனிகோ சொன்னார். இரண்டு மாத வாடகை மிச்சமாகுமே என்று நான்தான் கேட்கவில்லை. முன்னறையில் கட்டிலையும் பீரோவையும் அடைத்து, ஜன்னலோரம் ஒரு மேஜையில் அடுப்பை வைத்துச் சமைக்கத் தொடங்கினேன். எதை மூடி வைத்தாலும் தூசி இறங்கியது. சோற்றில் மணல் கடிபட்டது. இனிகோ அதையே சாப்பிட்டுவிட்டுத் தன் கடைக்குப் போவார்.

வேலையை எடுத்துச் செய்தவர் ராயப்பராஜ் கொத்தனார். அவரோடு இரண்டு ஆட்கள், ஒரு சித்தாள். சித்தாளின் பெயர் பொன்னழகு. சித்தையன்கோட்டையிலிருந்து தினமும் காலை பஸ்ஸில் வருவாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். என் வயதுதான். ஆனாலும் முதல் நாளிலிருந்தே நான் அவளை வா, போ என்றுதான் பேசினேன். நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பதால் அவள் என்னை டீச்சர் என்றாள்.

நாலு லட்சம் என்று தொடங்கிய வேலை. தரையைப் பெயர்த்தால் கழிவுநீர்க் குழாய் நொறுங்கிக் கிடந்தது. சுவரைக் கொத்தினால் வயரெல்லாம் கருகியிருந்தது. நிலைக்கதவைத் தட்டினால் கரையான் கொட்டியது. சாயங்காலம் ராயப்பராஜ் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றாலே நான் கணக்கு நோட்டைத் தேடுவேன். குழாயில் பத்து நாளுக்கு ஒரு தடவைதான் தண்ணீர் வரும். மற்ற நாளெல்லாம் லாரித் தண்ணீர். பொன்னழகோ பூசிய சுவருக்குக் குடம் குடமாக ஊற்றுவாள்.

"பாத்து ஊத்து பொன்னழகு. ஒரு லோடு எண்ணூறு ரூவா" என்றேன் ஒரு நாள்.

"செவரு குடிக்கிற மட்டும் குடிக்கட்டும் டீச்சர். இப்பக் கொறச்சோம்னா பின்னால வெடிச்சுப்போகும்" என்று சிரித்தாள்.

மே மாதத் தொடக்கத்தில் ராயப்பராஜ் என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனார். பின்சுவர் ஜன்னலுக்கு மேலே நீளமாகத் துருத்திக்கொண்டிருந்த பழைய சன்ஷேடைக் காட்டினார். அடியில் காரை உதிர்ந்து துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது.

"இது தாங்காது டீச்சர். இடிச்சுட்டுப் புதுசா போட்டுருவோம். இருவத்தஞ்சாயிரம் ஆகும்."

"இப்பவாண்ணே?"

"இப்ப முடியலன்னா கீழ முட்டாவது குடுத்து வைப்போம். சவுக்குக் கம்பு வாடகைக்கு எடுத்தா மூவாயிரத்துல முடிஞ்சிரும்."

"அடுத்த மாசம் பாப்போம்ணே."

அவர் இன்னொரு தடவை மேலே பார்த்தார். பிறகு போய்விட்டார். அதே வாரம் நான் அடுப்படிக்கு ஒரு சிம்னி வாங்கினேன். கண்ணாடி முகப்பு வைத்தது, பதினோராயிரம். அந்த மூவாயிரம் என்னிடம் இல்லாமல் இல்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

ஹாலுக்கு டைல்ஸ் ஒட்டி முடித்த மறுநாள் மத்தியானம் ஒன்றரை மணி. ஆண்கள் சாப்பிட வெளியே போயிருந்தார்கள். பொன்னழகு ஹாலில் ஃபேனுக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தாள். புளிக்குழம்பு வாசம் வந்தது. எனக்கு அந்த வெளிர்நிற டைல்ஸ் மட்டும்தான் கண்ணில் பட்டது.

"எந்திரி பொன்னழகு. குழம்பு சிந்துனா கறை போகாது. பின்னாடி போய் உக்காந்து சாப்பிடு."

"செத்த நேரந்தான் டீச்சர். வெளிய அனலா அடிக்குது."

"சன்ஷேடுக்குக் கீழ நெழல் இருக்குல்ல. போ."

அவள் வாளியை மூடிக்கொண்டு எழுந்து போனாள். அவள் உட்கார்ந்த இடத்தை நான் ஈரத்துணியால் துடைத்தேன்.

துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஒரு லாரி ஜல்லியை ஒரேயடியாகக் கொட்டியதுபோல.

அப்புறம் எந்தச் சத்தமும் இல்லை.

போலீஸ் வந்தது. எஸ்.ஐ. நோட்டைப் பிரித்துக்கொண்டு, "அங்க உக்காரக் கூடாதுன்னு சொல்லியிருந்தீங்களாம்மா?" என்று கேட்டார். பதிலை அவரே என் கையில் கொடுத்ததுபோல இருந்தது. நான் பிடித்துக்கொண்டேன்.

"சொன்னேன் சார். கேக்கல."

ராயப்பராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் அந்தப் பதில் தேவைப்பட்டது. பொன்னழகின் கணவர் கண்ணுசாமிக்கு ஐம்பதாயிரம் கொடுத்தோம். அவர் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார். இனிகோவிடம்கூட நான் உண்மையைச் சொல்லவில்லை.

ஜூன் கடைசியில் வேலை முடிந்தது. புது சன்ஷேடு போட்டு, பின்சுவரை மறுபடி பூசினார்கள். ஏழு நாள் தண்ணீர் ஊற்றினார்கள். எட்டாம் நாளிலிருந்து யாரும் ஊற்றவில்லை.

சுவர் காயவில்லை.

ஆடிக்காற்று வீசத் தொடங்கியது. கொடியில் போட்ட துணி அரை மணியில் மொடமொடவென்று ஆகிவிடும். பின்சுவர் மட்டும் கறுத்து, நனைந்து நின்றது. ராயப்பராஜ் வந்து உள்ளே குழாய் ஒழுகுகிறது என்றார். கொத்திப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் குழாயே போகவில்லை. ஒன்பதாயிரம் போனது. நீர் கசியாத பூச்சு என்று இரண்டு தடவை அடித்தார்கள். பதினாறாயிரம். பூச்சு தோல் உரிவதுபோல உரிந்து விழுந்தது. சீட்டுப் பணத்தை எடுத்தோம். நகையை அடகு வைக்கலாமா என்று இனிகோ கேட்டபோது நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. மத்தியானம் துணி எடுக்கக் கொல்லைக்குப் போனேன். வெயிலில் கண் கூசியது. பச்சைச் சிமென்ட் வாசம் அடித்தது. சுவர் மேலிருந்து கீழ்வரை நனைந்திருந்தது. நடுவில், தரையை ஒட்டி, ஓரிடம் மட்டும் காய்ந்து வெளுத்திருந்தது.

கிட்டே போய்ப் பார்த்தேன். கீழே அகலமாக, மேலே குறுகி, உச்சியில் உருண்டையாக இருந்தது.

ஒரு பெண் உட்கார்ந்து முதுகையும் தலையையும் சாய்த்திருக்கும் அளவு.

கையை வைத்தேன். சுற்றிலும் சில்லென்று இருந்த சுவரில் அந்த இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. வெயிலின் சூடு இல்லை அது. யாரோ எழுந்துபோன நாற்காலியில் இருக்குமே, அந்தச் சூடு.

சிமென்ட் வாசத்துக்கு நடுவே புளிக்குழம்பு வாசம் வந்தது.

எனக்குப் பின்னால் ஒரு வாளியின் மூடி திறந்தது.

நான் திரும்பவில்லை.

"செத்த நேரந்தான் டீச்சர்."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அன்றைக்குக் கெஞ்சிய அதே குரல்.

துணியை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். இனிகோ சாப்பிட வந்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே கொல்லைக்குப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தார்.

"வேற எடத்துல இல்லாம அவ அங்கயே ஏன் இருக்கணும், ஜெசி?" என்றார் மெல்ல.

"நான்தாங்க அங்க போகச் சொன்னேன்."

"நீயா?"

"டைல்ஸ்ல கறை படும்னு சொன்னேன். செத்த நேரந்தான்னா. நான் போன்னேன்."

இனிகோ கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். அன்றைக்கு அவர் என்னோடு பேசவில்லை. மறுநாள் சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்ததும், "வண்டியில ஏறு" என்றார். சித்தையன்கோட்டைக்குப் போனோம்.

கண்ணுசாமி வீட்டு வாசலில் வெங்காயம் காயப்போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் இரண்டு நாற்காலியைத் தூக்கிவந்து போட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மூவாயிரத்தைச் சொன்னேன், சிம்னியைச் சொன்னேன், எந்திரி என்று சொன்னதைச் சொன்னேன். கடைசியில் சுவரையும் சொன்னேன்.

அவர் அடிப்பார் என்று நினைத்தேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்து மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"சொல்லச் சொல்லக் கேக்காம போயி உக்காந்தாளாம்ல, அப்படின்னு ஊரே பேசுச்சு டீச்சர்" என்றார். "நானும் நம்புனேன். பொணத்தக் கெடத்தியிருக்கும்போது தலமாட்டுல நின்னு திட்டுனேன். பெரியவுங்க சொன்னாக் கேக்கணும்னு அறிவு வேணாமா மூதேவின்னு திட்டுனேன். அதுதான் அவளுக்கு நான் கடைசியாச் சொன்ன வார்த்த."

நான் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னைத் தூக்கவும் இல்லை, விலகவும் இல்லை.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "அவ அங்கதான் இருக்காளா?" என்று கேட்டார். "நான் வந்து பாக்கலாமா?"

திங்கட்கிழமை ஸ்டேஷனுக்குப் போய் மாற்றி எழுதிக் கொடுத்தேன். எழுத்தர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முட்டுக் கொடுக்கச் சொல்லி எச்சரித்ததை ராயப்பராஜும் எழுதிக் கொடுத்தார். விசாரணை இன்னும் நடக்கிறது. பள்ளிக்கூடத்திலும் தெரிந்துவிட்டது. அதுபற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்த சனிக்கிழமை கண்ணுசாமி வந்தார். கையில் ஒரு பொட்டலம் சோறு. கொல்லைக்குப் போய்ச் சுவரின் முன்னால், அந்தக் காய்ந்த இடத்துக்குப் பக்கத்தில், சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நாங்கள் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். இலையைப் பிரித்து வைத்தார். தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கினார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. இடையிடையே நிறுத்தினார்.

நிறுத்தியபோதெல்லாம் பதில் கேட்பவர்போலத் தலையை ஆட்டினார்.

இனிகோ என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை நனைந்திருந்தது.

மூன்று மணிக்குக் கண்ணுசாமி எழுந்து உள்ளே வந்தார். முகம் தெளிந்திருந்தது.

"நான் திட்டுனதுக்கு ஒண்ணும் நெனைக்கல டீச்சர். வீட்டுக்கு வாடி, போவோம்னேன். வரமாட்டேங்குறா."

"ஏன்?"

அவர் இனிகோவைப் பார்த்தார். இனிகோ, "சொல்லுங்கண்ணே" என்றார்.

"நீங்க சொன்ன எடத்துலதான் உக்காந்திருக்கேன்னு உங்ககிட்டச் சொல்லச் சொன்னா."

அவரை இனிகோ பஸ் ஏற்றிவிடப் போனார். நான் தனியாகக் கொல்லைக்குப் போனேன். அந்த இடத்துக்கு எதிரே நின்றேன்.

"உள்ள வாங்க பொன்னழகு" என்றேன். உயிரோடு இருந்தபோது அவளை ஒரு தடவைகூட வாங்க என்று நான் சொன்னதில்லை. "ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. யாரும் எந்திரிக்கச் சொல்ல மாட்டாங்க."

காற்று நின்றது. கொடியில் கிடந்த துணி அசையவில்லை. என் தோளை உரசாமல், ஆனால் உரசும் அளவு நெருக்கமாக, ஏதோ ஒன்று என்னைக் கடந்து போனது.

மறுநாள் விடிந்தபோது சுவர் முழுக்கக் காய்ந்திருந்தது. ராயப்பராஜ் வந்து தட்டிப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். அந்த வாரமே வெள்ளையடித்தோம். பெயிண்ட் உரியவில்லை. இனிகோ மறுபடி என்னோடு பழையபடி பேசத் தொடங்கினார். முடிந்தது என்று இருவரும் நினைத்தோம்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. காய்கறி வாங்கிக்கொண்டு வீடு திரும்பும்போது மணி ஒன்றரை. இனிகோ பூட்டைத் திறந்தார். கதவைத் தள்ளினார்.

கதவு திறக்கவில்லை.

"உள்ள தாழ்ப்பா போட்டிருக்கு" என்றார்.

கொல்லைக் கதவுக்குச் சுற்றிக்கொண்டு போனோம். அதுவும் நாங்கள் உள்பக்கம் தாழிட்டுவிட்டுப் போனபடியே இருந்தது. வீட்டுக்குள் ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது. நான் அணைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். இனிகோ ஜன்னல் கதவில் கை வைத்தார்.

"பாக்காதீங்க" என்றேன்.

அவர் கையை எடுத்துவிட்டார். வெயிலில், காம்பவுண்டு சுவரோரம் பையை வைத்துவிட்டு இருவரும் உட்கார்ந்தோம். கல் சுட்டது. புது சன்ஷேடுக்குக் கீழே நிழல் இருந்தது. அங்கே போக இருவருக்கும் மனம் வரவில்லை. இரண்டு மணி சுமாருக்கு உள்ளே தாழ்ப்பாள் மெதுவாக விலகும் சத்தம் கேட்டது. ஹாலில் யாரும் இல்லை. ஃபேன் நின்றிருந்தது.

வேலை நாளில் அந்த நேரத்துக்கு நாங்கள் வீட்டில் இருப்பதில்லை. விடுமுறை நாளில் ஒரு மணிக்குள் சமையலை முடித்துவிட்டு, நாங்களாகவே வெளியே வந்து உட்கார்ந்துகொள்கிறோம். வீட்டை விற்கலாம் என்று இனிகோ ஒரு தடவை சொன்னார். நான் வேண்டாம் என்றேன். கூப்பிட்டது நான். கூப்பிட்டவரை விட்டுவிட்டு எங்கே போவது?

ஒன்றுதான் எங்களுக்குப் புரியவில்லை. முதல் நாள் அரை மணி நேரத்தில் திறந்தது. போன வாரம் திறக்கும்போது மணி மூன்றரை.

நேற்று, தெருவில் விளக்கு எரியத் தொடங்கிய பிறகும் நாங்கள் வெளியேதான் உட்கார்ந்திருந்தோம்.