நானூற்றுப் பன்னிரண்டுக்குப் பிறகு

நானூற்றுப் பன்னிரண்டில் நின்றிருக்க வேண்டிய எண் நிற்கவில்லை.

திரையில் நானூற்றுப் பதிமூன்று என்று மாறியது. கொஞ்ச நேரம் கழித்து நானூற்றுப் பதினான்கு. டேப் ஓடும் பெட்டி அது பாட்டுக்குக் கரகரத்துக்கொண்டிருந்தது. செவ்வந்தி டேப்பின் உறையை எடுத்து மறுபடி பார்த்தாள். பத்து வருடத்துக்கு முன்னால் இந்த நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த இராஜாங்கம் தன் குண்டுக் கையெழுத்தில் தெளிவாகத்தான் எழுதியிருந்தார்: 'குத்தகைதாரர் பதிவேடு, முதல் நகல், மொத்தம் 412 பேர்.' எண்ணத் தெரியாத ஆள் இல்லை அவர். காலையிலிருந்து எல்லாமே ஏறுக்கு மாறாக நடந்ததில், இதுவும் தன்னை வம்புக்கு இழுக்கிறது என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

வெளியே ஐப்பசி மழை மத்தியானத்திலிருந்து விடாமல் கொட்டியது. குடமுருட்டி ஆற்றங்கரையில் இருந்த பழைய நெல் களஞ்சியத்தின் ஒரு மூலையைத் தடுத்து, சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து, ஏ.சி. மாட்டி, அதற்குக் கம்ப்யூட்டர் ரூம் என்று பெயர் வைத்திருந்தார்கள். எவ்வளவு பினாயில் ஊற்றினாலும் போகாத உமி வாசனையும், சுண்ணாம்புச் சுவரில் ஊறிய ஈரத்தின் வாசனையும், சூடேறிய ஒயரின் வாசனையும் அங்கே ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து கிடந்தன. வழிப்போக்கர்களுக்குச் சோறு போடச் சொல்லி எந்தப் புண்ணியவானோ எழுதிவைத்த இரண்டாயிரம் ஏக்கர் நன்செய்யை நிர்வகிக்கும் அன்னசத்திர அறக்கட்டளை அது. சத்திரத்தில் அடுப்பு மூட்டி நாற்பது வருடம் ஆகிறது. உழுகிறவனுக்கே நிலம் என்று சுவர் சுவராக எழுதிய கழகங்கள் இரண்டும் மாறி மாறி ஆண்டுவிட்டன. மேனேஜர் பஞ்சநதத்தின் மேசை மட்டும் இடம் மாறவில்லை. எந்தக் கரை வேட்டி உள்ளே வந்தாலும் அவர் எழுந்து நின்று கும்பிடுவார், காரியம் முடிந்துவிடும்.

முந்தாநாள் விழுந்த இடியில் சர்வரின் டிஸ்க் போய்விட்டது. வெள்ளிக்கிழமைதோறும் எடுத்துவைத்த பேக்கப் டேப்புகள் பதினொன்று இருந்தன. தஞ்சாவூரிலிருந்து வந்த கம்ப்யூட்டர் மெக்கானிக் லியாகத் அலி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் தன் விரல் நுனியை அவளிடம் நீட்டினார். சிவப்பாக இருந்தது.

"என்னம்மா இது?"

"குங்குமங்க. ஆயுத பூஜைக்கு எல்லாத்துக்கும் பொட்டு வெக்கச் சொன்னாரு மேனேஜரு."

"அதுக்கு மூடியத் தெறந்து உள்ளயா வெப்பாங்க? சந்தனம் காஞ்சு நாடாவோட ஒட்டிக்கிச்சு. பதினொண்ணும் போச்சும்மா."

பிளாஸ்டிக் உறைமேல் சந்தனம் நிற்காமல் வழிந்ததால், மூடியைத் தூக்கி உள்ளே பக்தியோடு வைத்தவள் செவ்வந்திதான். லியாகத் அலி தலையில் அடித்துக்கொண்டு இரண்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனார். பூஜையன்று பூட்டிக் கிடந்த பீரோவில் இருந்ததால் பொட்டுக்குத் தப்பியது இந்த முதல் நகல் ஒன்றுதான்.

அவள் வருத்தப்பட்டதாகக் காட்டிக்கொண்டாள். உள்ளுக்குள் அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆடி மாதம் பஞ்சநதம் அவளிடம் ஒரு தாளைக் கொடுத்திருந்தார். கீழத்தெருக்காரர்கள் அறுபத்தொரு பேர், மூன்று தலைமுறையாக அந்த நிலத்தில் சேறு மிதித்தவர்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே 'வாரிசு இல்லை' என்று மாற்றச் சொன்னார். வாரிசு இல்லாத குத்தகை அறக்கட்டளைக்கே திரும்பிவிடும். அங்கே கல்லூரி கட்ட ஒருவர் காத்துக்கொண்டிருந்தார். அந்த அறுபத்தொரு வீட்டு வாசலிலும் பிள்ளைகள் ஓடி விளையாடிக்கொண்டிருந்தன. செவ்வந்தியும் கீழத்தெருதான். "ஒங்க அம்மா பேர மட்டும் இதுல சேக்கல" என்று அவர் பெரிய மனசு பண்ணிச் சொன்னார். அவளும் அறுபத்தொன்றையும் ஒரே நாளில் மாற்றிக் கொடுத்தாள். அன்றிலிருந்து தெருவில் யாரையும் அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அந்தப் பாவம் முழுவதும் இப்போது குங்குமத்தோடு போய்விட்டது. இந்த டேப்பில் இருப்பது பத்து வருடத்துக்கு முந்திய பதிவேடு. நாளைக் காலை குத்தகைப் பதிவு அதிகாரி வருகிறார். இன்று அச்சாகும் பதிவேட்டில் யார் பெயர் எப்படி இருக்கிறதோ அதற்குத்தான் முத்திரை. "ரீஸ்டோர் பண்ணிட்டு, அந்த அறுபத்தொண்ணையும் ஆடியில மாத்துன மாதிரியே மாத்திடு" என்று சொல்லிவிட்டுப் பஞ்சநதம் வக்கீலைப் பார்க்கத் திருவையாற்றுக்குக் கார் ஏறினார். அவள் தலையாட்டினாள். இந்தத் தடவை மாற்றப் போவதில்லை என்று அந்தக் கார் தெருமுனை திரும்புவதற்குள்ளேயே முடிவு செய்துவிட்டாள்.

நானூற்று இருபது.

ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவில் பெட்டியின் கரகரப்பு ஒரு நொடி நிற்பதையும், அந்த இடைவெளியில் வேறொரு சத்தம் கேட்பதையும் அவள் அப்போதுதான் கவனித்தாள். காலுக்குக் கீழேயிருந்து வந்தது. வைக்கோல் பரப்பிப் படுத்திருப்பவர்கள் தூக்கத்தில் புரண்டு படுப்பது போல ஒரு சரசரப்பு. எலியாக இருக்கும், நெல் கிடந்த இடம்தானே என்று நினைத்துக் காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். சத்தம் நின்றது. எண் மாறியது. பிறகு மறுபடி கேட்டது, இன்னும் மேலே வந்து. ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும்போதே கணுக்காலில் சூடான காற்று பட்டது. வடிகால் அடைத்துப் பயிர் அழுகிய வயலின் நாற்றம் அதில் இருந்தது.

நானூற்று முப்பத்தொன்றில் எண் நின்றது. பத்தொன்பது பேர் அதிகம்.

கடைசிப் பக்கத்தைத் திரைக்குக் கொண்டுவந்தாள். இளையபெருமாள், கீழத்தெரு, நிலை: பயிர் செய்கிறார். கண்ணுசாமி, பயிர் செய்கிறார். வேம்பு, பயிர் செய்கிறார். ராசம்மாள், பயிர் செய்கிறார். செவ்வந்தி முதல் பெயரை மறுபடி படித்தாள். இளையபெருமாள் அவள் அம்மா நாகம்மாளின் கூடப்பிறந்த அண்ணன். முப்பது வருடத்துக்கு முன்னால், நிலத்தைவிட்டு இறங்கச் சொன்னபோது மாட்டோம் என்று சொன்ன பத்தொன்பது பேரைப் பேச்சுவார்த்தைக்கு என்று இந்தக் களஞ்சியத்துக்குத்தான் கூப்பிட்டார்கள். மத்தியானச் சாப்பாடும் இங்கேயே என்றார்கள். ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. 'ஊரை விட்டு ஓடிவிட்டார்' என்று அறக்கட்டளை எழுதியது. போலீஸும் எழுத்துப் பிசகாமல் அதையே எழுதியது. "பொண்டாட்டி புள்ளைய விட்டுட்டு பத்தொம்பது பேரு ஒரே நாள்ல ஓடுவாங்களாடி?" என்று அம்மா இன்றைக்கும் கேட்பாள். அந்த மாதமே களஞ்சியத்துக்குச் சிமெண்டுத் தரை போட்டார்கள் என்பதையும் அவள்தான் சொல்லியிருந்தாள். தெரிந்துதான் நான்கு வருடமாக இந்தத் தரைமேல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள் செவ்வந்தி.

போன் அடித்தது.

"முடிஞ்சுதா?" பஞ்சநதத்தின் குரல்.

"முடிஞ்சுதுங்க. ஆனா பத்தொம்பது பேரு கூடுதலா வருதுங்க."

"எந்தப் பத்தொம்பது?"

"இளையபெருமாளு, கண்ணுசாமி, வேம்பு, ராசம்மா..."

அந்தப் பக்கம் மழைச் சத்தம் கேட்டது. அதற்குள் அவர் மூச்சு வாங்குவதும் கேட்டது.

"அழி" என்றார். "மொதல்ல அத அழி. மத்தது அப்புறம்."

"அவங்கள என்ன பண்ணுனீங்க ஐயா?"

"ஒங்க அம்மா பேரு இன்னும் பதிவேட்டுல இருக்குல்ல? இருக்கணும்னா அழி."

போனை வைத்துவிட்டார். ஆத்திரம் செவ்வந்தியின் கண்ணை மறைத்தது. அவர்மேல், அவரைத் தாங்கிப் பிடித்த வேட்டிகள்மேல், ஓடிவிட்டார் என்று எழுதிய பேனாக்கள்மேல். எல்லாவற்றுக்கும் மேலாக, அதற்குள் விசைப்பலகைக்குப் போய்விட்ட தன் கையின்மேல். அம்மாவுக்கு இருப்பது ஒரே ஒரு ஏக்கர். செத்தவர்கள்தானே, அவர்களுக்கு இனி என்ன நஷ்டம் என்று அந்தக் கை அவளுக்குச் சமாதானம் சொன்னது.

பெயர் அழியவில்லை. சரி, ஆடியில் செய்ததையே செய்யலாம் என்று வாரிசுக் கட்டத்துக்குப் போனாள். அது காலியாக இருக்கவில்லை.

வாரிசு: செவ்வந்தி.

இந்த டேப் பதிவானபோது அவள் எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். இராஜாங்கத்துக்கு அவளைத் தெரியவே தெரியாது. கண்ணுசாமிக்குப் போனாள். வாரிசு: செவ்வந்தி. வேம்புவுக்கும் செவ்வந்தி. ராசம்மாளுக்கும். பத்தொன்பது பேருக்கும் அவள்தான்.

அழித்துவிட்டு 'இல்லை' என்று தட்டினாள். கட்டம் ஒரு நொடி வெறுமையாக நின்றது. பிறகு பழையபடி செவ்வந்தி. மறுபடி தட்டினாள். மறுபடி செவ்வந்தி. "நா இல்ல! நா ஒங்களுக்கு ஒண்ணும் பண்ணலியே!" என்று வாய்விட்டுக் கத்தினாள்.

கரண்ட் போனது.

ஏ.சி. அடங்கியது. மழைகூட எங்கோ தள்ளிப் போனது போல் இருந்தது. பேட்டரியில் எரிந்த திரை மட்டும் அவள் முழங்கால்வரை வெளிச்சம் போட்டது. கரண்டே இல்லாத பிரிண்டர் மூலையில் தானாக ஓட ஆரம்பித்தது. தாள் நகர்ந்து நகர்ந்து தரையில் மடிந்தது. முதல் பெயரிலிருந்து. கீழத்தெருவின் அறுபத்தொரு பேரும், அவரவர் பிள்ளைகளின் பெயரோடு. கடைசியில் அந்தப் பத்தொன்பது.

கீழே சரசரப்பு நின்றுவிட்டது.

அதுதான் பயமாக இருந்தது.

எழுந்து கதவுக்கு ஓடினாள். மழையில் ஊறிய கதவு. இழுத்தாள். வரவில்லை. தோளால் மோதினாள். வரவில்லை.

பின்னால் சிமெண்டு விண்டது.

திரும்பினாள். மேசைக்கடியில் ஒரு குழி. உள்ளங்கை அகலம். வட்டமாக. விளிம்பில் மண். மண்ணுக்குள் வரிசையாக வெள்ளையாக ஏதோ.

பல்.

பீரோ ஓரம் இன்னொன்று. நாற்காலி இருந்த இடத்தில் ஒன்று. சுவரோரம் மூன்று. முகம் இல்லை. கண் இல்லை. வாய் மட்டும். சேறு அப்பிய ஈறு. உள்ளே நாக்கு அசைந்தது.

எதுவும் கத்தவில்லை. திட்டவில்லை. ஆவென்று திறந்து, அப்படியே இருந்தன.

அவளுக்குப் புரிந்துவிட்டது. பிணம் கிடைக்காத சாவு. ஒருத்தருக்கும் வாய்க்கரிசி விழவில்லை. அதைப் போட வேண்டியது வாரிசு.

செவ்வந்தி கைகளை விரித்துக் காட்டினாள். ஒன்றும் இல்லை.

எண்ணினாள். பதினாறு. பதினேழு. பதினெட்டு.

கதவோரம் அவள் நிற்க ஒரு முழத் தரை மிச்சம் இருந்தது. அங்கே, அவளுடைய இரண்டு பாதங்களுக்கும் நடுவில், சிமெண்டு மெதுவாக விரிந்து திறந்தது.