அனுமதிப் பட்டியல்

அந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று நான் கேட்டது ஒரே கேள்விதான்: இங்கே நெட் வருமா? சுவரெல்லாம் ஈரம் ஏறியிருந்தது. பின்னறையில் வெகுநாள் மடித்து வைத்த துணியின் வாசம் அடித்தது. குளியலறைக் கதவு சாத்தினால் திறக்காது, திறந்தால் சாத்தாது. எதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் பிழைப்பே நெட்டில்தான் ஓடுகிறது.

ஓர் இணைய நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் எனக்கு வேலை. வீட்டிலேயே ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, நெட் வரவில்லை என்று கூப்பிடுகிறவர்களிடம் "மோடத்தை அணைச்சுட்டு மறுபடி போடுங்க" என்று நாளைக்கு எண்பது தடவை சொல்ல வேண்டும். அந்த அழைப்புகளும் நெட் வழியாகத்தான் லேப்டாப்புக்கு வரும். பயிற்சிக் காலத்துக்குள் மூன்று அழைப்புகள் பாதியில் அறுந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று டீம் லீடர் முதல் நாளே சொல்லிவிட்டார். நான் ஏற்கெனவே வீட்டில்தான் இருக்கிறேன் என்பது அவருக்குத் தோன்றவில்லை. எட்டு மாதம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுக் கிடைத்த வேலை என்பதால் நானும் சிரிக்கவில்லை.

இரண்டாவது வாரம், காலை பதினொரு மணிக்கு நெட் இழுக்க ஆரம்பித்தது. ஒரு கிழவர் தன் புகாரைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழைப்பு அறுந்தது. முதல் தடவை.

லேப்டாப்பில் மோடத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். என் போன் இருந்தது. என் லேப்டாப் இருந்தது. அதற்கு என் மனைவி 'தூங்குமூஞ்சி' என்று பெயர் வைத்திருந்தாள். மூன்றாவதாகப் பெயரே இல்லாத ஒன்று இருந்தது. யாரோ ஓசியில் எங்கள் நெட்டை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

பாஸ்வேர்டை மாற்றினேன். மறுநாள் பதினொன்றுக்கு அது மறுபடியும் வந்து உட்கார்ந்தது. இன்னும் நீளமாக மாற்றினேன். வந்தது. தடை செய்தேன். அப்போதும் வந்தது. எனக்குக் கடுப்பு மண்டைக்கு ஏறியது. ஊரில் இருக்கிறவன் நெட்டையெல்லாம் சரிசெய்கிற எனக்கு என் வீட்டுத் திருடனைப் பிடிக்கத் துப்பில்லை.

மாடி வீட்டில் கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் குடியிருந்தார். நேரே போய் அவரிடமே கேட்டுவிட்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்துக் காட்டினார். பட்டன் போன். அதன் மூடியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தார்.

"மானத்தை வாங்கிட்டீங்க," என்றாள் மருந்துக் கடை வேலை முடிந்து வந்த என் மனைவி. "உங்க பாஸ்வேர்டு எதுன்னு நான் சொல்லட்டுமா? என் பேரும் நம்ம கல்யாணத் தேதியும்தானே? யாருக்குத்தான் தெரியாது."

அன்று இருபத்து நான்கு எழுத்தில் ஒன்றை அமைத்தேன். அவளிடம்கூடச் சொல்லவில்லை, எங்கும் எழுதியும் வைக்கவில்லை. மறுநாள் பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, காதில் ஒரு வாடிக்கையாளரை வைத்துக்கொண்டே பின்னறை வாசலில் போய் நின்றேன். மோடம் அந்த அறையில்தான், சுவரில் மாட்டியிருந்தது. வேறு ஒரு சாமானும் அங்கே கிடையாது.

துணி வாசம் கனமாக இருந்தது.

டக்.

மோடத்தில் ஒரு பச்சை விளக்கு சிமிட்டியது. அது எதற்குச் சிமிட்டும் என்று நான் நாளைக்குப் பத்துப் பேருக்கு விளக்கிச் சொல்கிறவன். மோடத்தின் முதுகில் ஒரு சின்னப் பட்டன் உண்டு. அதை அழுத்தினால் இரண்டு நிமிடத்துக்குப் பாஸ்வேர்டே தேவையில்லை, எது வேண்டுமானாலும் உள்ளே வரலாம். அதை அழுத்த ஒரு விரல் வேண்டும்.

அறையில் யாரும் இல்லை.

காதில் இருந்த அழைப்பு அறுந்தது. இரண்டாவது தடவை.

எனக்குப் பயம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பயத்தைவிட எரிச்சல்தான் அதிகமாக வந்தது. இன்னும் ஒன்று அறுந்தால் வேலை போய்விடும். மனைவியின் முகத்தை எப்படிப் பார்ப்பது? லேப்டாப்பில் மோடத்தின் அமைப்புப் பக்கத்துக்குப் போய், அந்தப் பட்டன் வேலையே செய்யாதபடி நிறுத்தி வைத்தேன். வா பார்க்கலாம் என்று வாய்விட்டே சொன்னேன்.

மறுநாள் பதினொன்று அடித்தது. பட்டியலில் என் இரண்டு சாதனங்கள் மட்டுமே இருந்தன. நிம்மதியாக மூச்சு விட்டேன். அப்போது ஓர் அழைப்பு வந்தது.

"வணக்கம். உங்களுக்கு என்ன உதவி வேணும்?"

பெண் குரல். பக்கத்தில் யாரோ தூங்குகிற மாதிரி அடக்கிப் பேசினாள்.

"எங்க நெட்டை யாரோ கேக்காம எடுக்கறாங்க சார். என்ன பண்ணாலும் போக மாட்டேங்கறாங்க."

"புரியுதும்மா," என்றேன். மனதாரத்தான் சொன்னேன். "எத்தனை நாளா?"

"மூணு வாரமா. ஒம்பது மணிக்கு வந்து உக்காந்தா, சாயங்காலம்தான் எந்திரிக்கறாங்க."

"முகவரி சொல்லுங்க."

தெருவைச் சொன்னாள். வீட்டு எண்ணைச் சொன்னாள். பாதி அடிக்கும்போதே என் கை நின்றுவிட்டது.

அது என் வீடு.

டீம் லீடர் யாரையாவது பேச வைத்து என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்கத்தான் ஆசையாக இருந்தது. எல்லா அழைப்புகளும் பதிவாகும். வாடிக்கையாளர் பேசும்போது நாங்களாக வைக்கவும் கூடாது.

"பட்டியல்ல அவங்க பேர் ஏதாவது தெரியுதாம்மா?"

"தூங்குமூஞ்சின்னு போட்டிருக்கு."

அது என் லேப்டாப். அப்போதுதான் இன்னொன்றையும் கவனித்தேன். அந்த வார்த்தை ஹெட்செட்டில் கேட்பதற்கு அரை நொடி முன்னால் பின்னறையில் கேட்டிருந்தது. நெட் வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிற குரல் எப்போதும் அந்த அரை நொடி தாமதமாகத்தான் வரும்.

"பட்டனையும் வேலை செய்யாமப் பண்ணிட்டாங்க," என்றது பின்னறை. என்றது ஹெட்செட். "அவங்களை எப்படி வெளிய அனுப்பறது?"

எப்படி என்று எனக்குத் தெரியும். அனுமதிப் பட்டியல் என்று ஒன்று உண்டு. அதில் பெயர் இருப்பவர் மட்டுமே உள்ளே வர முடியும். சொல்லாவிட்டால் வேலை போகும். ஒவ்வொரு படியாகச் சொன்னேன். பின்னறையில் யாரோ பொறுமையாக உம் கொட்டினார்கள்.

கடைசிப் படி மட்டும் பாக்கி. அதை அவள் அழுத்தினால் என் நெட் போகும். இந்த அழைப்பு அறும். மூன்றாவது தடவை.

"அம்மா," என்றேன். "அவரு அதை வெச்சுத்தான் வேலை பாக்கறாரு போல. நெட் போச்சுன்னா அவரு பிழைப்பு போயிடும். கொஞ்சம் விட்டுக் குடுக்கலாமே."

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருப்போம்."

"இப்போ கேட்டா?"

பின்னறையில் நாற்காலி ஒன்று தரையில் இழுபட்டது. அங்கே நாற்காலி கிடையாது.

"இப்பத்தான் கேக்கத் தோணிச்சா? சேவ் பண்றது எங்க இருக்கு சார்?"

"வலது பக்கம், கீழ," என்றேன்.

டக்.

ஹெட்செட் செத்தது. திரையில், இந்த இணைப்பைப் பயன்படுத்த உங்களுக்கு அனுமதி இல்லை என்று வந்தது. எட்டு மாதக் காத்திருப்பும் ஒரு நொடியில் போய்விட்டது. எனக்கு வந்த கோபத்தில் பயமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பின்னறைக்குள் போய் மோடத்தைச் சுவரிலிருந்து பிய்த்தெடுத்துத் தரையில் போட்டேன். எல்லா விளக்குகளும் அணைந்தன. அறை காலியாகத்தான் இருந்தது.

கூடத்துக்கு வருவதற்குள் போன் அடித்தது. டீம் லீடர்.

"மூணாவது தடவை கட் ஆயிடுச்சு," என்றார்.

"தெரியும் சார்."

"ஆனா அந்தம்மா உங்களுக்கு முழு மார்க் குடுத்திருக்காங்க. பொறுமையாச் சொல்லிக் குடுத்தாருன்னு பாராட்டி எழுதியிருக்காங்க. நம்ம டீம்லயே இதுதான் முதல் தடவை. மேல பேசிட்டேன், உங்க வேலை நிரந்தரம். இன்னொண்ணு, இனிமே அவங்க வீட்டுப் புகாரெல்லாம் உங்ககிட்டயேதான் வரணும்னு கேட்டிருக்காங்க. நானும் சரின்னுட்டேன்."

இந்த வேலையே வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். என் மனைவி மருந்துக் கடையில் கால் கடுக்க நிற்பது நினைவுக்கு வந்தது.

"தேங்க்ஸ் சார்," என்றேன். சந்தோஷமாகவும் இருந்தது, அதுதான் அசிங்கம்.

போனை வைத்தேன். லேப்டாப் திரையில் இணைப்பு இல்லை என்றுதான் இருந்தது. மேசைமேல் கிடந்த ஹெட்செட்டில் அழைப்பு மணி அடிக்க ஆரம்பித்தது. நான் போய் உட்கார்ந்து, அதை எடுத்து மாட்டிக்கொண்டு, வணக்கம் சொன்னேன்.