பதில் தேவையில்லை

மடிக்கணினித் திரையில் நான்கு வரிகள் இருந்தன. நீல வரி வாப்பாவின் குரல். சிவப்பு வரி அவருடைய கிற்றார். பச்சை வரி ஸப்ரி மாமாவின் கீபோர்ட். நான்காவது மஞ்சள் வரி. அது மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

"இன்னும் வரல்லயா வாப்பா?" என்று கேட்டாள் நிஹ்லா.

"இல்ல மகள்."

ஐந்து மாதமாக இதே கேள்வி. இதே பதில்.

நிஹ்லாவின் வாப்பா றமீஸ், பகலில் கல்முனை பஸாரில் கைபேசி திருத்துகிறவர். மாலையில் அஸர் தொழுதுவிட்டு வந்தால் பாட்டுக்காரர். பாட்டும் அவருடையது, மெட்டும் அவருடையது. மருதமுனை வீட்டின் பின்னறைதான் ஒலிப்பதிவுக்கூடம். எதிரொலி வராமலிருக்கச் சுவர் நிறையக் கைத்தறிச் சாரன் துணிகளைத் தொங்கவிட்டிருந்தார்.

"சாரன் கடையெண்டு நெனச்சி நேத்தும் ஒருத்தர் எட்டிப் பாத்துட்டுப் போறாரு" என்று உம்மா சொல்லிச் சிரிப்பார்.

வாப்பா பாடிக் கைபேசியில் அனுப்புவார். டோஹாவில் வேலை செய்யும் ஸப்ரி மாமா, உம்மாவின் தம்பி, கீபோர்ட் வாசித்துத் திருப்பி அனுப்புவார். கடைசியாக ஆலையடிவேம்பிலிருந்து கிசோக் அண்ணாவின் தபேலா வரும். அது வந்ததும் மஞ்சள் வரி நிறையும். பாட்டு எழுந்து நடக்கத் தொடங்கும்.

கிசோக் அண்ணாவின் தாளத்தில் ஒரு விசேஷம் உண்டு. மூன்றாவது அடி ஒரு துளி பிந்தித்தான் விழும்.

"தம்பிட மூணாம் அடி அக்கரைப்பற்று பஸ் மாதிரி. நேரத்துக்கு வந்த சரித்திரம் இல்ல" என்பார் வாப்பா. ஆனால் அதைத் திருத்தவே மாட்டார். அதுதான் அழகு என்பார்.

இன்னொன்றும் உண்டு. கிசோக் அண்ணா அனுப்பும் ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் ஒரு பெண் குரல் கேட்கும். "ஓம், தொடங்குங்க." அது அவருடைய மனைவி சுலக்சனா அக்கா. கைபேசியைப் பிடித்து, பொத்தானை அமர்த்துவது அவர்தான். பாட்டுக்கு அந்தக் குரல் தேவையில்லை. வாப்பா முதல் வேலையாக அதை வெட்டிவிடுவார்.

ஐந்து மாதத்துக்கு முன் சுலக்சனா அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி வரவில்லை.

வாப்பாவோடு நிஹ்லாவும் அந்த வீட்டுக்குப் போனாள். கிசோக் அண்ணா ஒரு கதிரையில் இருந்தார். அழவில்லை. யார் என்ன கேட்டாலும் "ஓம்" என்றார். யாரோ கொடுத்த தேநீரை ஆறும் வரை கையிலேயே வைத்திருந்தார். மூலையில் தபேலாவைத் துணியால் மூடியிருந்தார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் நிஹ்லா கேட்டாள்.

"வாப்பா, நீங்க வெட்டின துண்டெல்லாம் இரிக்கா? சுலக்சனா அக்கா கதைச்சது?"

வாப்பா முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்.

"எல்லாத்தையும் அழிச்சிட்டன் மகள்."

இதெல்லாம் நடந்து ஐந்து மாதம். அன்று ஞாயிற்றுக்கிழமை, ஸப்ரி மாமா அழைத்தார்.

"மச்சான், இன்னும் எவ்வளவு நாளைக்குப் பாத்துக்கிட்டு இரிக்கிற? நான் மெஷின்ல தாளம் போட்டு வியாழக்கிழம அனுப்புறன். வெள்ளிக்கிழம பாட்ட நெட்டுல ஏத்துவம்."

"கிசோக் தம்பிக்கு மனசு நோகும் ஸப்ரி."

"அவர்தான் ஒரு பதிலும் போடுறாரில்லயே மச்சான். ஐஞ்சி மாசம்."

வாப்பா மடிக்கணினியை மெல்ல மூடினார். பிறகு "சரி" என்றார்.

நிஹ்லா யோசித்தாள். மஞ்சள் வரியில் மெஷின் வந்து உட்கார்ந்துவிட்டால், கிசோக் அண்ணாவின் இடம் போய்விடும். தன்னை யாரும் எதிர்பார்க்கவில்லை என்று அவர் நினைப்பார். பிறகு ஒருநாளும் வரமாட்டார்.

அவள் வாப்பாவின் கைபேசியை எடுத்து, கிசோக் அண்ணாவுக்கு அனுப்பிய செய்திகளை மேலிருந்து கீழே படித்தாள்.

"எப்பிடி இரிக்கீங்க தம்பி?"

"சாப்பிட்டீங்களா?"

"ஏதும் உதவி வேணுமா?"

"தபேலா எப்ப அனுப்புவீங்க?"

எல்லாம் அன்பான செய்திகள்தான். ஆனால் எல்லாவற்றின் முடிவிலும் ஒரு கேள்விக்குறி கொக்கி போலத் தொங்கியது.

நிஹ்லாவுக்குப் போன வருடம் ஞாபகம் வந்தது. பாடசாலைப் படியில் விழுந்து கை முறிந்தபோது வீட்டுக்கு வந்த எல்லாரும் "எப்பிடி விழுந்த?" என்று கேட்டார்கள். மூன்றாம் நாள் அவள் கட்டிலுக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டாள். அவளுடைய வகுப்புத் தோழி ஜெனூபா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. கட்டிலுக்குக் கீழே ஊர்ந்து வந்து, நல்ல கையில் பாதி மாங்காயை வைத்துவிட்டு, மீதிப் பாதியைத் தான் தின்றாள். அவ்வளவுதான். அன்று நிஹ்லா வெளியே வந்தாள்.

"வாப்பா, கிசோக் அண்ணாக்கு நான் ஒண்டு அனுப்பட்டா?"

"என்ன கேக்கப் போற?"

"ஒண்டும் கேக்கப் போறல்ல."

"அப்ப என்னத்துக்கு அனுப்புற?"

"சும்மா."

வாப்பா அவளை ஒருமுறை பார்த்துவிட்டுக் கைபேசியை அவளிடமே விட்டுவிட்டார்.

அந்த நேரம் ஒழுங்கைக்குள் பேக்கரிச் சாமான் விற்கும் பாண் ஓட்டோ வந்தது. அதன் பாட்டு ஊருக்கே தெரியும். பின்னறையில் எத்தனையோ ஒலிப்பதிவுகளைக் கெடுத்த பாட்டு அது. நிஹ்லா வாசல் படலைக்கு ஓடிப்போய் அதைப் பதிவு செய்து அனுப்பினாள். கூடவே எழுதினாள்:

"கிசோக் அண்ணா, இது எங்கட பாண் ஓட்டோ. இண்டைக்கு மாலு பணிஸ் முடிஞ்சி போச்சி. பதில் தேவையில்ல."

அந்தி மஃரிபுக்கு முன்னமே செய்தியின் இரண்டு சரிக்குறிகளும் நீலமாகின; அவர் பார்த்துவிட்டார். பதில் வரவில்லை. அவள்தான் தேவையில்லை என்று சொல்லியிருந்தாளே.

திங்கட்கிழமை கடற்கரைக்குப் போனாள்.

"இது கடல். ஒரு சூடை மீனுக்காக மீன் விக்கிற ஸஜாத் நானாவும் காகமும் சண்ட. காகம் வெண்டுட்டு. பதில் தேவையில்ல."

செவ்வாய்க்கிழமை மழை. தகரக் கூரையில் விழும் சத்தத்தை அனுப்பினாள். அன்று எழுத ஒன்றும் தோன்றவில்லை. "மழை. பதில் தேவையில்ல" என்று மட்டும் எழுதினாள்.

புதன்கிழமை பக்கத்து வீட்டு சபூறா மாமியின் தறியருகே போய் நின்றாள். சடக், சடக், சடக் என்று தறி ஓடியது. திடீரென்று நின்றது.

"அறுந்து போ எண்டு ஒனக்கு ஆரு சொன்ன? காலத்தால இருந்து நாலாந்தரம்!" என்று மாமி ஏசினார். பிறகு சத்தமில்லை. மாமி நூலை முடிந்துகொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் சடக், சடக்.

நிஹ்லா முழுவதையும் அனுப்பினாள். இடையிலிருந்த அமைதியையும் வெட்டவில்லை.

"சபூறா மாமி ஏசினது நூலுக்கு. உங்களுக்கு இல்ல. பதில் தேவையில்ல."

நான்கு செய்திகளிலும் நீலச் சரிக்குறிகள். வேறொன்றும் இல்லை.

வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு ஸப்ரி மாமாவின் மெஷின் தாளம் வந்தது. வாப்பா அதை மஞ்சள் வரியில் வைத்துப் பாட்டை ஓடவிட்டார். ஒவ்வொரு அடியும் அதனதன் இடத்தில், கோடு போட்டதுபோல விழுந்தது.

"ஒரு பிழையும் இல்ல" என்றார் வாப்பா. ஒரு பெரிய பிழையைக் கண்டவர் சொல்வதுபோல இருந்தது.

நிஹ்லா சாரன் ஒன்றின் ஓரத்தைப் பிடித்துச் சுருட்டிக்கொண்டு நின்றாள். நாளைக்கு வெள்ளிக்கிழமை.

மேசையில் கிடந்த கைபேசி அதிர்ந்தது.

கிசோக் அண்ணா.

ஒரு குரல் பதிவு. வாப்பா அதை அமர்த்திக் கேட்கவில்லை. கைபேசியை நிஹ்லாவிடம் நீட்டினார். அவள் அமர்த்தினாள்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரு மணிக்கூட்டின் டிக் டிக். கதிரையை இழுக்கும் சத்தம். ஒரு செருமல். யாரும் இல்லாத வீட்டின் சத்தம் அது.

பிறகு கிசோக் அண்ணாவின் குரல், மிகவும் மெல்ல.

"ஓம்... தொடங்குறன்."

விரல்கள் பலகையில் விழுந்தன. ஒன்று. இரண்டு. கொஞ்சம் பிந்தி, மூன்று.

அது அவர்களுடைய பாட்டின் தாளம். வாப்பாவின் உதடுகள் தாமாகவே பாட்டை முணுமுணுத்தன. முதலிலிருந்து முடிவு வரை அந்த விரல்கள் நிற்கவில்லை.

அதற்குக் கீழே ஒரு செய்தி வந்தது.

"தபேலாத் தோல் தளர்ந்து கிடக்கு தங்கச்சி. சாப்பாட்டு மேசையில அடிச்சன். அந்தக் காகத்துக்கு என்ர வாழ்த்து. பதில் தேவையில்லை."

நிஹ்லாவுக்குச் சிரிப்பும் வந்தது. கண்ணும் நிறைந்தது.

வாப்பா மெஷின் தாளத்தை அகற்றினார். மேசைத் தாளத்தை எடுத்து மஞ்சள் வரியில் வைத்தார். பிறகு, எப்போதும் செய்வதுபோல, பதிவின் தொடக்கத்தை வெட்டச் சுட்டியை நகர்த்தினார்.

"வெட்டாதீங்க வாப்பா."

வாப்பாவின் கை நின்றது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுட்டியிலிருந்து கையை எடுத்து, மடியில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, பாட்டை ஏற்றுவதற்கு முன், ஸப்ரி மாமா அழைத்தார்.

"மச்சான், நல்லாரிக்கி. ஆனா மூணாவது அடி பிந்துது. நான் சரிப்படுத்தட்டா?"

"அதில கைய வச்ச எண்டா, நீ லீவுல வந்தா ஒனக்குச் சோறில்ல" என்றார் வாப்பா.

"என்ட தம்பிக்கா சோறில்ல?" என்று உம்மா குசினியிலிருந்து குரல் கொடுத்தார்.

பாட்டு இணையத்தில் ஏறியது. நிஹ்லா படலையில் இருந்துகொண்டு கைபேசியைக் காதோடு வைத்துக் கேட்டாள். முதலில் மணிக்கூடு. கதிரை. செருமல். "ஓம்... தொடங்குறன்." பிறகு ஒன்று, இரண்டு.

மூன்றாவது அடி பிந்தியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வந்தது.